பித்தளையில் எண்ணெய் போக்க: மண்ணெண்ணெயா, ஆவியா, காரமா?

கடைசல் எந்திரத்திலிருந்து இறங்கும் பித்தளைச் சாமான் பளபளவென்றுதான் இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பி, எண்ணெய்ப் பிசுக்கோடு நிக்கல் முலாம் ஏற்றினால் பிறகு செதில் செதிலாக உரியும்.

பலரும் முதலில் தேடுவது மண்ணெண்ணெயை. உலோகத்துகளையும் கெட்டிப் பிசுக்கையும் அது நன்றாகவே இளக்கும். ஆனால் அதுவும் எண்ணெய்தானே! காய்ந்த பின்னும் ஒரு படலம் மிஞ்சும். முலாம் வேண்டாத சாமானுக்குப் போதும். முலாமுக்கு இது வெறும் முன்கழுவல். பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம், ஒரு பொறி போதும்.

டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானின் ஆவி வேலையில் சுத்தம். 87 டிகிரி செல்சியஸில் கொதித்து எழும் ஆவி, குளிர்ந்த சாமான்மீது துளியாகி எண்ணெயோடு வழிந்துவிடும். உலர்த்தும் வேலையும் மிச்சம். ஆனால் அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சின்னப் பட்டறைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

காரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காஸ்டிக் சோடா தாவர எண்ணெயைச் சோப்பாக்கும். பட்டறையில் புழங்கும் கனிம எண்ணெயை அப்படி மாற்றாது. ஆனால் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மட்டும் தவறாமல் அரிக்கும், மேற்பரப்பு மங்கிப்போகும். இரும்புக்குப் பழகிய தொட்டியில் பித்தளையை இறக்கினால் இதுதான் கதி. சலவைச் சோடாவும் டிரைசோடியம் பாஸ்பேட் என்ற கார உப்பும் சேர்ந்த மிதமான கரைசலில், எண்ணெயைப் பிரித்து மிதக்கவைக்கும் சோப்புப்பொருளும் கலந்து, சூடாகச் சில நிமிடம் முக்குவதே என் தேர்வு. இரவெல்லாம் ஊறவிடக் கூடாது.

அதன் பிறகு மின்சாரக் கழுவல், அதாவது காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் கழுவுவது. சாமானை எதிர்மின்முனையில் மாட்டினால் ஹைட்ரஜன் குமிழ்கள் மிஞ்சிய எண்ணெயைக் கிளப்பிவிடும். நேர்மின்முனையில் மாட்டினால் பித்தளை கறுத்துவிடும். மரையும் குருட்டுத் துளையும் (மறுபக்கம் திறக்காத துளை) நிறைந்த சாமானுக்கு, காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் கழுவும் மீயொலித் தொட்டி நல்லது, விலைதான் கையைக் கடிக்கும்.

புளி? குத்துவிளக்கின் கறுப்பை எடுக்கும். எண்ணெய்க்கு அதனிடம் மருந்தில்லை.

எந்த வழியானாலும், அலசிய சாமான்மீது தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். நின்றால் நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு முக்கு, அலசல், உடனே முலாம். நடுவில் வெறும் விரல் பட்டால் மறுபடி சலவைச் சோடாத் தொட்டிக்கே.