டைம்ஷிஃப்ட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டைம்ஷிஃப்ட் என்பது சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக நகலெடுத்து வைத்து, கோளாறு வந்தால் அந்த நிலைக்கே திருப்பும் கருவி. லினக்ஸ் மின்ட் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் பலருடைய கணினியில் அது தொடப்படாமலே கிடக்கிறது. 2017 இறுதியில் வந்த 18.3 பதிப்பிலிருந்து அது மின்ட்டோடு சேர்ந்தே வருகிறது. டோனி ஜார்ஜ் உருவாக்கியது. 2022 முதல் மின்ட் குழுவினரே பராமரிக்கிறார்கள். மின்ட்டை நிறுவியதும் வரவேற்புத் திரை "இதை அமைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும். தயவுசெய்து அந்தப் பேச்சைக் கேளுங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மேசைக் கணினியில் அது வருடக்கணக்காக ஓடுகிறது. அதன் அருமை முழுதாகத் தெரிந்தது ஒரு அப்டேட்டின் நடுவில் கரண்ட் போனபோது. மின்சாரம் வந்து திரும்ப ஆன் செய்தால் மின்ட் சின்னம் வருகிறது, அப்புறம் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டுகிறது. லாகின் வரவே இல்லை.

இந்த நிலையில் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "ஃபார்மட் போட்டுடலாம் சார்". வேண்டவே வேண்டாம். முதலில் கிரப் மெனுவை, அதாவது கணினி எதை வைத்து எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திரையை, வரவழையுங்கள்: புதிய கணினிகளில் ஆன் செய்ததும் எஸ்கேப், பழையவற்றில் ஷிஃப்ட். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதியின் முந்தைய பதிப்புகள்) இருக்கும். புதிய கர்னலில்தான் கோளாறு என்றால், பழையதைத் தேர்ந்தெடுத்தாலே கணினி எழுந்துவிடும். எனக்கு எழவில்லை. அடுத்து அதே மெனுவில் இருக்கும் ரெக்கவரி மோட். அங்கே 'டிபிகேஜி' என்றொரு வரி உண்டு. பாதியில் நின்ற பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) அது முடித்து வைக்கப் பார்க்கும். பல நேரம் இதுவே போதும். அன்றைக்கு அதுவும் பிழை காட்டி நின்றது, ஏனென்றால் பல கோப்புகள் பாதி எழுதியபடியே கிடந்தன.

சரி, பென்டிரைவ். மின்ட்டை நிறுவப் பயன்படுத்தும் லைவ் யூஎஸ்பியிலேயே டைம்ஷிஃப்ட் இருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை, இணையமும் தேவையில்லை. அதில் பூட் செய்து டைம்ஷிஃப்டைத் திறந்து, ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கும் டிஸ்க்கைக் காட்டினேன். தேதிவாரியாகப் பட்டியல் வந்தது. அப்டேட்டுக்கு முன் எடுத்ததைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டோர்' கொடுத்தேன். எந்தப் பார்ட்டிஷனுக்கு என்று கேட்கும், அதை மட்டும் நிதானமாகப் பார்த்துக் கொடுங்கள். கிரப்பையும் அதுவே மறுபடி நிறுவிக்கொள்ளும். வேலை முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி லாகின் திரை வந்தது. அன்று காலை எழுதிய கோப்புகூட அப்படியே இருந்தது, ஏனென்றால் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை டைம்ஷிஃப்ட் இயல்பாகத் தொடுவதில்லை. அப்டேட் மேனேஜர் அதே அப்டேட்டுகளை மீண்டும் காட்டியது. போட்டேன், சிக்கலில்லாமல் முடிந்தது.

ஹோமைத் தொடாது என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: உங்கள் போட்டோக்களுக்கும் ஆவணங்களுக்கும் இது பேக்கப் ஆகாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். முதல் ஸ்னாப்ஷாட் கிட்டத்தட்ட உங்கள் சிஸ்டம் அளவுக்கே இருக்கும். அதன்பின் மாறிய கோப்புகள் மட்டும் சேரும், மாறாதவற்றுக்குப் பழைய நகலையே சுட்டும் ஹார்டு லிங்க் போதும். ஆனால் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) சின்னதாக இருந்து, அதிலேயே சேமிக்கவும் விட்டால் சீக்கிரம் நிரம்பிவிடும். வெளி டிஸ்க்தான் நல்லது. உள்ளே இருக்கும் டிஸ்க்கே போய்விட்டாலும் ஸ்னாப்ஷாட் மிஞ்சும். அந்த டிஸ்க்கை இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை இது ஏற்காது. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க்கிலும் சேமிக்க முடியாது. எனக்கு இதில் இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. மைஎஸ்கியூஎல் போன்ற டேட்டாபேஸ்களின் தரவு ஹோமில் இல்லை, 'வார்' ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டரில் (மைஎஸ்கியூஎல்லுக்கு /var/lib/mysql) இருக்கிறது. ரீஸ்டோர் செய்தால் அதுவும் பழைய தேதிக்கே போய்விடும். எனவே அமைக்கும்போதே ஃபில்டர் பகுதியில் அந்தத் தரவு ஃபோல்டரை மட்டும் (முழு 'வார்' ஃபோல்டரையும் அல்ல) விலக்கிவிட்டு, டேட்டாபேஸுக்குத் தனி டம்ப் (தரவின் நகல் கோப்பு) எடுத்து வையுங்கள்.