ஃபியூனரல் டைரக்டர் படிப்புக்கு அமெரிக்காவுல பணம் கட்டப் போறீங்களா, முதல்ல இதப் படிங்க

என் தம்பிக்கு நடந்தது இது, இன்னொரு வீட்டுல நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

நாங்க நியூ ஜெர்சில இருக்கோம். 2020ல கொரோனா சமயத்துல சொந்தத்துல ஒருத்தர் தவறிட்டாரு. ஊர்ல இருக்கவங்க வீடியோ கால்ல பாக்க, வாய்க்கரிசி போட விட்டு, அந்த ஃபியூனரல் ஹோம்காரங்க அவ்ளோ பொறுமையா எல்லாத்தையும் நடத்திக் குடுத்தாங்க. அதப் பாத்துதான் தம்பி ஃபியூனரல் டைரக்டர், அதாவது இறுதிச் சடங்க ஏற்பாடு பண்ணி நடத்திக் குடுக்குற இந்த வேலைக்குப் போறேன்னு நின்னான். பொணத்தோட என்னடா பொழப்புன்னு அப்பா எவ்வளவோ சத்தம் போட்டும் அவன் மாறல.

சேந்தது வேற மாநிலத்துல இருக்க ஒரு காலேஜ், தியரி முழுக்க ஆன்லைன். அக்ரெடிடேஷன், அதாவது முறையான அங்கீகாரம் இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டான், "ஃபுல்லி அக்ரெடிடட்"னு பதில் வந்துச்சு, ஃபெடரல் லோனும் கிடைச்சுது, அப்புறம் யாருக்குங்க சந்தேகம் வரும்?

ரெண்டு செமஸ்டர் முடிஞ்சு எம்பாமிங், அதாவது உடல் கெடாம பதப்படுத்துற ப்ராக்டிகல் வந்தப்பதான் குட்டு வெளிப்பட்டுச்சு. இடம் நாங்களே ஏற்பாடு பண்ணுவோம்னு சொன்னவங்க, உங்க ஏரியால நீங்களே தேடிக்கோங்கன்னுட்டாங்க. சரின்னு பக்கத்துல ஒரு ஃபியூனரல் ஹோம்ல போய்க் கேட்டோம், அந்த ஓனர் கேட்ட முதல் கேள்வியே உங்க கோர்ஸுக்கு ஏபிஎஃப்எஸ்இ அங்கீகாரம் இருக்கான்னுதான். இல்ல. காலேஜுக்கு பொதுவா ஒரு அக்ரெடிடேஷன் இருக்கு, அந்த ஃபியூனரல் கோர்ஸுக்கு இல்ல. ஏபிஎஃப்எஸ்இன்னா அமெரிக்கன் போர்டு ஆஃப் ஃபியூனரல் சர்வீஸ் எஜுகேஷன், இந்தத் துறைக்குன்னே தனி போர்டு இருக்கு, அதோட அங்கீகாரம் உள்ள கோர்ஸ முடிச்சாதான் பெரும்பாலான மாநிலத்துல லைசென்ஸுக்கு வழி, ஆர்ட்ஸ், சயின்ஸ்னு ரெண்டு பார்ட்டா வர்ற நேஷனல் போர்டு எக்ஸாமும் அத வச்சுதான்.

காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டா, "அப்ளை பண்ணிருக்கோம், சீக்கிரம் வந்துரும், இல்லன்னா கொலராடோல லைசென்ஸே வேணாமே"ங்கறாங்க. இதக் கேட்டுதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. 2023ல அதே கொலராடோல, பென்ரோஸ்ங்கற ஊர்ல ஒரு ஃபியூனரல் ஹோம் கட்டடத்துல 190 உடல் கிட்ட அழுகிக் கிடந்து கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் 2024ல லைசென்ஸ் கட்டாயம்னு சட்டமே போட்டாங்க, 2027லேர்ந்து அமல். பெத்தவங்கள இழந்து நிக்கிற குடும்பத்துக்கு முன்னாடி போய் நிக்க வேண்டிய வேலைங்க இது, அதுக்கு ஆள் தயார் பண்றவங்க பேசுற பேச்சா?

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஏபிஎஃப்எஸ்இ வெப்சைட்ல அந்த கோர்ஸ் பேரு லிஸ்ட்ல இருக்கான்னு நீங்களே பாருங்க. "அப்ளை பண்ணிருக்கோம்"னா இன்னும் கிடைக்கலன்னுதான் அர்த்தம். ஒவ்வொரு ஸ்கூல்லயும் போர்டு எக்ஸாம்ல எத்தன பேர் பாஸ்ங்கறதும் அங்கயே போட்டிருப்பாங்க, கண்டிப்பா பாருங்க. அப்புறம் எந்த மாநிலத்துல வேலை பாக்கப் போறீங்களோ அங்க ஃபியூனரல் லைசென்ஸ் குடுக்குற ஸ்டேட் போர்டுக்கு ஒரு போன் போடுங்க, ஏன்னா ரூல்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேற. எம்பாமிங் எங்க, யார்கிட்ட கத்துக் குடுப்பாங்கன்னும் இடத்தோட பேரு போட்டு மெயில்ல வாங்கிக்கோங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க.

ஃபீஸ் ஒரு டாலர் கூடத் திருப்பித் தரல. தம்பி இப்போ மெர்சர் கவுண்டி கம்யூனிட்டி காலேஜ்ல சேரப் பாக்குறான், அங்க இந்த கோர்ஸுக்கு ஏபிஎஃப்எஸ்இ இருக்கு, ஆனா பழைய கிரெடிட்ல இங்கிலீஷ் மாதிரி பொதுப் பாடம்தான் தேறும் போல. அந்த மெயிலெல்லாம் சேத்து வச்சு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கோம். இதே மாதிரி மாட்டி யாராவது பணம் திரும்ப வாங்கிருந்தீங்கன்னா எப்படின்னு சொல்லுங்க ப்ளீஸ், லோன் வட்டி ஓடிக்கிட்டிருக்கு.