அம்பாசிடரில் பாயின்டைக் கழற்றி நான்கு வருடம்

அப்பாவின் 1976 மார்க் 3 அம்பாசிடர் என் கைக்கு வந்தபோது டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு ஃபீலர் கேஜும் நாலாக மடித்த எமரி பேப்பரும் இருந்தன. ஆர்சி புத்தகம் எங்கே என்றால் அப்பா தேடுவார். இந்த இரண்டும் இருக்கும் இடம் இருட்டிலும் தெரியும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, பொறிக்காகத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்சான பாயின்டைத் தேய்த்து, 0.38 மி.மீ. இடைவெளி வைத்து மூடுவார். நானும் சில வருடம் அப்படியே செய்தேன். பிறகு அலுத்துப்போய், பாயின்டுக்குப் பதில் சென்சார் வைக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறினேன். நான்கு வருடமாயிற்று, 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

பாயின்ட் ஏன் அடிக்கடி கெடுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். இது நான்கு சிலிண்டர் இன்ஜின். 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 100 முறை அந்தச் சின்னப் பாயின்ட் திறந்து மூட வேண்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் கருகுகிறது. பாயின்டைத் தள்ளித் திறக்கும் மேடான கேமில் உரசும் அதன் குதிகாலும் தேய்கிறது. அது தேயத் தேய இடைவெளி குறையும். பாயின்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னுக்குப் போகும். ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, போன வருடம் இரண்டாவது கியரில் போன வளைவில் இப்போது முதல் கியர் போட்டால்தான் உறைக்கும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்கப் போகிறேன் என்று எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். அவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஷாஃப்ட்டின் தலையில் சுழலும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். "தம்பி, ஷாஃப்ட்டே இந்த ஆட்டம் ஆடுது. இதுல எதப் போட்டாலும் வண்டியும் ஆடத்தான் செய்யும்" என்றார். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. டைமிங்கை ஓட்டத்துக்கேற்ப முன்னுக்குத் தள்ளும் வேக்யூம் அட்வான்ஸின் டயஃப்ரம் கிழிந்து எத்தனை வருடமோ, உறிஞ்சிப் பார்த்தால் காற்று தாராளமாக வந்தது. வேகம் கூடும்போது டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் உள் வெயிட்டுகளும் பிசின் போலக் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கிடந்தன. இவற்றையெல்லாம் சரிசெய்து, பழைய பாயின்டையே திரும்பப் போட்டு ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். வண்டியில் நான் எதிர்பார்த்த முன்னேற்றத்தில் முக்கால்வாசி அப்போதே வந்துவிட்டது. "எலக்ட்ரானிக் போட்டேன், வண்டி பறக்குது" என்கிறவர்கள் அதே நாளில் வேறு என்னென்ன மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம்தான் கிட். கேமின் மேல் காந்த வளையம் ஒன்று மாட்ட வேண்டும். பாயின்ட் இருந்த இடத்தில் ஹால் சென்சார் உட்காரும். பொறிக்கான வோல்டேஜை உயர்த்தும் காயிலுக்கு இரண்டு வயர். பாயின்ட் கருகுவதைக் குறைக்கும் கண்டென்சர் தேவையில்லை. ஒரு மணி நேர வேலை. ஆர்டர் போடும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 25டி4, 45டி4 என்ற இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மாடலுக்கும் கிட் வேறு வேறு. காயிலின் பிரைமரி சுற்றின் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில் அளந்து, என் கிட் கேட்டபடி 3 ஓம் இருப்பதை உறுதி செய்துகொண்டேன். செப்புக் கம்பி பிளக் வயரைத் தூக்கிவிட்டுக் கார்பன் வயர் போட்டேன். சென்சாருக்கு அதுதான் நல்லது. ரேடியோவின் கரகரப்பும் அதோடு போயிற்று.

பலன்? காலையில் சோக்கை இழுத்து ஒரு தட்டுத் தட்டினால் பிடிக்கிறது. ஐட்லிங்கில் நடுக்கம் இல்லை. டைமிங் வைத்த இடத்திலேயே நிற்கிறது. வருடம் ஒருமுறை டைமிங் லைட் அடித்துப் பார்க்கிறேன், நகர்வதே இல்லை. பவர் கூடியதா என்றால் இல்லை. மைலேஜ் கொஞ்சம் கூடியது, ஆனால் அந்த மாதமே கார்புரேட்டரும் கழுவினோம், யாருக்கு மாலை போடுவது?

இரண்டாம் வருடத்தில் ஒரு தலைவலி. சூடானதும் இன்ஜின் நின்றுவிடும், அரை மணி ஆறினால் ஓடும். கிட்டின் மாட்யூல், அதாவது சென்சார் இருக்கும் எலக்ட்ரானிக் பாகம்தான் போகிறது என்று முடிவுகட்டி இரண்டு மாதம் அதையே திட்டினேன். கடைசியில் குற்றவாளி 150 ரூபாய் ரோட்டர். காயிலின் நடு வயரை ரோட்டரின் பித்தளைக்கு மேல் சற்றுத் தள்ளிப் பிடித்து செல்ஃப் அடித்தார் அண்ணன். ரோட்டர் நல்லதென்றால் பொறி அங்கே பாயாது. பாய்ந்தது. பித்தளையைப் பிடித்திருந்த ரிவெட் வழியாகக் கரன்ட் ஷாஃப்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ரிவெட் இல்லாத ரோட்டர் போட்டதோடு சரியாயிற்று.

மாட்யூல் உண்மையிலேயே போனது போன வருடம், என் வீட்டுக் கைங்கரியத்தால். ஆத்தூரில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் என் மகன் சாவியை ஆன் செய்து ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டிருக்கிறான். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் ஆனிலேயே இருந்தால் இந்த வகை மாட்யூல் சூடாகிச் செத்துவிடும்; பெட்டியிலேயே எச்சரிக்கை எழுதியிருந்தது. பாயின்ட் கருகினால் தேய்த்து ஓட்டலாம். இது போனால் தேய்க்க ஒன்றுமில்லை. நல்லவேளை, டிக்கியில் பழைய பாயின்டும் கண்டென்சரும் இருந்தன. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹேண்டிலால் இன்ஜினைச் சுற்றிக் கேம் உச்சியில் நிறுத்தி, அப்பாவின் ஃபீலர் கேஜால் இடைவெளி வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. பந்தி முடிந்துவிட்டது.

புது மாட்யூல் 9,500 ரூபாய். மறுபடி அதே வகைதான் வாங்கினேன். ரேடியோவுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி வயர் இழுத்திருக்கிறேன், இக்னிஷன் சாவியைத் தொடாமலே பாடும்படி.