பூனைக்குட்டிக்குக் குறைந்த செலவில் காப்பீடு: எந்த வகை கட்டுப்படியாகும்?

பூனைக்குட்டிக்குக் காப்பீடு தேடும்போது கண் முதலில் போவது மாதப் பிரீமியத்தின் மேல்தான். அதை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் மலிவான இடத்தில் வந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு வகை: விபத்துக்கு மட்டும் பணம் தரும் பாலிசி, ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் பணம் தரும் பாலிசி. இவை மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பூனை வளர்ப்பில் கையைக் கடிப்பவை வருடக்கணக்கில் நீளும் நோய்கள். முதல் வகை நோயே வேண்டாம் என்கிறது, இரண்டாவது வகை ஒரு வருடத்தில் கைகழுவிவிடுகிறது. பிரீமியத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழிகள் உண்டு. பாதுகாப்பு எத்தனை ஆண்டு நீடிக்கிறது என்பதில் மட்டும் கை வைக்கக் கூடாது.

விபத்து மட்டும்

உயரத்திலிருந்து விழுவது, வண்டியில் அடிபடுவது, எலும்பு முறிவு, விஷம் ஆகியவை இதில் அடங்கும். குட்டிப் பருவத்தில் இவை எல்லாமே நடக்கக்கூடியவை என்பதால் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: விழுங்கிய பொருளை விபத்துக் கணக்கில் சேர்ப்பார்களா, நோய்க் கணக்கில் சேர்ப்பார்களா?

குட்டிகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது நூலிலும் ரிப்பனிலும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும். மீதி குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நூலின் மேல் சுருக்குப் பையைப் போலச் சுருங்கிக்கொள்ளும். கடைசியில் நூலே குடல்சுவரை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தாலும் இழுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். இதற்கு அறுவைசிகிச்சையும் சில நாள் உள்நோயாளியாக வைப்பதும் தேவைப்படும். இந்தச் செலவை ஏற்காத விபத்துப் பாலிசி குட்டிக்கு உதவாது.

ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் அதுவும் உயிர்போகும் அவசரம்தான். ஆனாலும் காப்பீட்டு அகராதியில் அது ‘நோய்’. விபத்துப் பாலிசியில் ஒரு காசு வராது.

காலவரம்பும் நோய்வாரி உச்சவரம்பும்

காலவரம்புப் பாலிசியில் நோய் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் ஓடும். அதன்பின் அந்த நோய் நிரந்தரமாக விலக்கு. முறிந்த காலுக்கு இது போதும். எட்டு மாதக் குட்டிக்குத் தோல் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ வந்தால், இரண்டு வயதாகும் முன்பே காப்பீடு நின்றுபோகும், மருந்துச் செலவு மட்டும் தொடரும். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் அங்கே அது ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும்.

நோய்வாரி உச்சவரம்பு கொஞ்சம் மேல். கால எல்லை கிடையாது, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தொகை உண்டு. அது தீர்ந்தால் அந்த நோய்க்கு மறுபடி நிரம்பாது. இதைத்தான் சிலர் வாழ்நாள் பாலிசி என்று தவறாகப் புரிந்துகொண்டு வாங்குகிறார்கள். புதுப்பிக்கும்போது அந்தத் தொகை மீண்டும் முழுதாகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கினால் குழப்பம் தீரும்.

ஆண்டுதோறும் நிரம்பும் வாழ்நாள் பாலிசி

ஆண்டுக்கு ஒரு வரம்பு; புதுப்பிக்கும்போது அது திரும்ப முழுமையாகும். முதல் ஆண்டில் தொடங்கிய நோய்க்கு ஏழாம் ஆண்டிலும் பணம் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: பாலிசி ஒரு நாள்கூட அறுந்துபோகக் கூடாது. கார்டு காலாவதியாகி மாதத் தவணை தவறி, பாலிசி காலாவதியானால் அதுவரை வந்த எல்லா நோயும் விலக்குப் பட்டியலுக்குப் போய்விடும்.

வயதான பூனைகளுக்குச் சகஜமான நாட்பட்ட சிறுநீரக நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு மூன்றுமே பெரும்பாலும் வருடக்கணக்கில் சிகிச்சை கேட்பவை. அதனால் குட்டிக்கு எடுக்க வேண்டியது இந்த வகைதான் என்று தயங்காமல் சொல்லலாம். இதன் பிரீமியம்தான் அதிகம். அதை எப்படி இறக்குவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

பிரீமியத்தைக் குறைக்கும் மூன்று திருகுகள்

டிடக்டிபிள் (முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை), நிறுவனம் திருப்பித் தரும் சதவீதம் (பெரும்பாலும் 70, 80, 90), ஆண்டு வரம்பு ஆகிய மூன்றையும் நாமே தேர்ந்தெடுக்க முடியும்.

முதலில் டிடக்டிபிளை ஏற்றுங்கள். அதில் நம் நஷ்டத்துக்கு எல்லை உண்டு. சதவீதத்தை 90-லிருந்து 70-க்கு இறக்கினால் பில் ஏற ஏற நம் பங்கும் ஏறும். 10,000 பில்லில் 1,000 கட்டவேண்டிய இடத்தில் 3,000 கட்ட நேரும். டிடக்டிபிளை 100-லிருந்து 500 ஆக்கினால், பில் எவ்வளவு பெரிதானாலும் கூடுதல் சுமை 400-ஐத் தாண்டாது. அந்த மாற்றத்தால் ஆண்டுப் பிரீமியம் 150 குறைகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டு கிளெய்ம் இல்லாமல் போனாலே நமக்கு லாபம். குறைவது வெறும் 40 என்றால் ஏற்றுவதில் அர்த்தமில்லை.

இந்த 400 என்ற கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை கழியும் டிடக்டிபிளுக்குத்தான். சில பாலிசிகளில் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகக் கழிப்பார்கள். குட்டிக்கு ஒரே ஆண்டில் கண் தொற்று, வயிற்றுப்போக்கு, காயம் என்று சின்னச் சின்னதாக வரும். அப்போது நோய்வாரி டிடக்டிபிளில் எதற்குமே பணம் வராமல் போகலாம். நோய்வாரியிலேயே இன்னொரு வகை, ஒரு நோய்க்கு வாழ்நாளில் ஒரேமுறை மட்டும் கழிப்பது. நாட்பட்ட நோய் வந்தால் அதுதான் லாபம்.

எந்த வரிசையில் கழிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பில் 1,000, டிடக்டிபிள் 200, திருப்பித் தருவது 80 சதவீதம். டிடக்டிபிளை முதலில் கழித்தால் 640 கிடைக்கும். சதவீதத்தை முதலில் போட்டால் 600. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

ஆண்டு வரம்புக்கு ஊகம் வேண்டாம். அருகிலுள்ள 24 மணி நேரக் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்து, விழுங்கிய பொருளை எடுக்கும் அறுவைசிகிச்சைக்கும், சிறுநீர் அடைப்புக்கு மூன்று நாள் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இரண்டில் பெரியதைப்போல் இரு மடங்கு வரம்பு இருந்தால் போதும். ‘வரம்பே இல்லை’ என்ற திட்டத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, செலவு பார்த்துச் செய்பவர்களுக்குத் தேவையில்லாதது.

முதல் பரிசோதனைக்கு முன்பே எடுங்கள்

மேலே சொன்ன எல்லாக் கணக்கையும்விட இதற்கு எடை அதிகம். காப்பகத்திலிருந்து வரும் குட்டிகளில் தும்மலும் நீர்வடியும் கண்ணும் மிகச் சாதாரணம். காரணம் பெரும்பாலும் பூனை ஹெர்பிஸ் வைரஸ் அல்லது கலிசி வைரஸ். ஹெர்பிஸ் ஒருமுறை தொற்றினால் உடலில் ஒளிந்திருந்து, மன அழுத்தம் வரும்போது மறுபடி தலைதூக்கலாம். பாலிசி எடுக்கும் முன் மருத்துவர் ஏட்டில் ‘தும்மல், கண்ணில் நீர்’ என்று ஒரு வரி பதிந்துவிட்டால், பிற்காலத்தில் வரும் கருவிழிப் புண்ணையும் மூக்கடைப்பையும் அதோடு கோத்து நிராகரிக்க அந்த ஒரு வரி போதும். இரண்டு பக்கமும் இருக்கும் உறுப்புகளில் ஒரு பக்கம் பாதித்திருந்தால் மறுபக்கத்தையும் விலக்கும் விதி சில பாலிசிகளில் இருக்கிறது.

ஆறு முதல் எட்டு வாரக் குட்டியைப் பல நிறுவனங்கள் ஏற்கும். வீட்டுக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடலாம். காத்திருப்புக் காலம் விபத்துக்குச் சில நாள்தான், நோய்க்குப் பொதுவாக 14 நாள். அந்த இடைவெளியில் குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் தயங்காமல் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். காப்பீட்டுக்காகக் காத்திருந்து குட்டியை இழந்தவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் எதையும் மறைக்கவும் வேண்டாம். கிளெய்ம் வந்தால் முழு மருத்துவக் குறிப்பையும் வாங்கிப் பார்ப்பார்கள், காப்பகத்தின் பதிவேடு உட்பட.

செய்யக்கூடியது, குறிப்பு துல்லியமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. வெறும் ‘வயிற்றுப்போக்கு’ என்று இருந்தால் குடல் சம்பந்தப்பட்ட எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும். ‘உருண்டைப்புழுவால் வயிற்றுப்போக்கு; மருந்து கொடுத்தபின் குணமானது’ என்று இருந்தால் அது முடிந்த கதை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குணமானதைப் பதியச் சொல்லுங்கள். குணமாகும் நோயை, அறிகுறி இல்லாமல் 180 நாளோ 12 மாதமோ கடந்தபின் விலக்கிலிருந்து எடுத்துவிடும் நிறுவனங்களும் இருக்கின்றன.

காப்பகம் இலவசமாகத் தரும் சில வாரக் காப்பீட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த வாரங்களில் வந்த நோய், அதே நிறுவனத்தில் இடைவெளியின்றித் தொடர்ந்தால்தான் ஏற்கப்படும். வேறு நிறுவனத்துக்குப் போனால் அது பழைய நோய்.

சின்ன எழுத்தில் தேட வேண்டியவை

தடுப்பூசி தவறியிருந்தால் பன்லூகோபீனியா போன்ற தடுக்கக்கூடிய நோய்களுக்குப் பணம் வராது. குட்டிக்கான தொடர் 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் போடப்படுவது. ஒரு ஊசியோடு நிறுத்தினால் ‘தடுப்பூசி போட்டது’ ஆகாது.

பரம்பரை நோய் சேர்ந்திருக்கிறதா? பெர்ஷியனுக்குச் சிறுநீரகக் கட்டிநீர்ப்பை நோய், மெய்ன் கூனுக்கும் ராக்டாலுக்கும் இதயத்தசை தடிப்பு நோய், ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்கு மூட்டு நோய் என்று இனத்தோடு வருபவை இருக்கின்றன. இவற்றை விலக்கும் பாலிசி அந்தக் குட்டிகளுக்கு எவ்வளவு மலிவானாலும் வீண். கலப்பினக் குட்டிக்குப் பிரீமியமும் குறைவு, இந்தக் கவலையும் குறைவு.

பல் என்றால் விபத்தில் உடைந்த பல் மட்டுமா, ஈறு அழற்சியும் பல்லே கரைந்துபோகும் நோயும் உண்டா? பின்னவைதான் வளர்ந்த பூனைகளில் அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை பல் பரிசோதனை செய்ததற்கு ஆதாரம் கேட்பவர்களும் உண்டு. மருத்துவர் ஆலோசனைக் கட்டணம், சிறப்பு உணவு, ஸ்கேன் ஆகியவற்றுக்குத் தனி உள்வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூனைத் தொற்று வயிற்றறை அழற்சி என்ற எஃப்.ஐ.பி. நோய் அதிகம் தாக்குவது இரண்டு வயதுக்குட்பட்டவற்றை. முன்பு மரணம் நிச்சயம் என்றிருந்த இதற்கு இப்போது ஜி.எஸ்.-441524 மருந்து இருக்கிறது. வழக்கமான சிகிச்சை 84 நாள். எடைக்கேற்ப அளவு கூடும் என்பதால் செலவும் கூடும். அந்த மருந்தைத் தனியாகத் தயாரித்துத் தரும் மருந்தகத்தில் வாங்கினாலும் ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆரோக்கியத் திட்டம், சொந்தச் சேமிப்பு

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகியவற்றுக்கான ‘ஆரோக்கிய’ இணைப்பைக் காப்பீடு என்று எண்ண வேண்டாம். அது முன்கூட்டியே கட்டும் தவணை. ஒவ்வொன்றுக்கும் தரும் தொகையைக் கூட்டி, ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கருத்தடையும் தடுப்பூசித் தொடரும் விழும் முதல் ஆண்டில் சில சமயம் லாபம். இரண்டாம் ஆண்டில் பெரும்பாலும் நஷ்டம்.

பிரீமியத்தைக் கட்டாமல் அதையே வங்கியில் போட்டுவைப்பது, ஓர் அறுவைசிகிச்சைக்கான தொகை முதல் நாளிலேயே கையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். ஐந்தாம் மாதத்தில் நூலை விழுங்கும் குட்டிக்கு ஐந்து மாதச் சேமிப்பு எதற்கும் காணாது. மற்றவர்களுக்கு ஏற்றது உயர் டிடக்டிபிள் பாலிசியும், அந்த டிடக்டிபிள் அளவுக்கு ஒரு சின்னச் சேமிப்பும். பெரும்பாலான நிறுவனங்கள் நாம் கட்டிய பிறகே திருப்பித் தருவதால், மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

பிரீமியம் பெரும்பாலும் பூனையின் வயதோடு ஏறும், கிளெய்மே போடாவிட்டாலும். எவ்வளவு ஏறும் என்று நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வதில்லை, நாமே பார்த்துக்கொள்ளலாம். அதே இணையப் படிவத்தில் அதே இனம், அதே முகவரி கொடுத்து, வயதை மட்டும் 5 என்றும் 10 என்றும் மாற்றி விலை கேளுங்கள். குறிப்பிட்ட வயதுக்குமேல் நம் பங்கைக் கூடுதலாகப் பிடிக்கும் விதி இருந்தால் அதுவும் அந்தப் பக்கத்தில் வெளிவரும். குட்டிக்கு மிக மலிவாகத் தெரியும் நிறுவனமே பத்து வயதில் மிக விலை உயர்ந்ததாக இருப்பதை அங்கே பார்க்கலாம். அதற்குள் ஒரு நாட்பட்ட நோய் வந்திருந்தால் அங்கிருந்து நகரவும் முடியாது.