விண்டோஸ் 10-க்குத் திரும்பக் கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் எனக்கு நடந்தது இது. இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெரம்பூரில் எங்கள் வீட்டில் 2019-இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்டேட் வந்திருக்கிறது என்று பையன் ஓகே கொடுக்க, விண்டோஸ் 11 ஏறிவிட்டது. அதற்கப்புறம் ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தால்தான் திரை வரும் என்ற நிலை. டியூஷன் பிள்ளைகளுக்காக மனைவி பயன்படுத்தும் பழைய ஸ்கேனரும் நின்றுபோனது. சரி, பழையதையே போட்டுவிடலாம் என்று புதன்கிழமை சிபியூவைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

போனில் 800 ரூபாய் என்றிருந்தார்கள். கடையில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "லெவன்ல இருந்து டென்னுக்கு ரிவர்ஸ் கிடையாது சார். ஃபார்மட்தான் ஒரே வழி" என்றார். அதாவது, இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. விண்டோஸ் இருப்பது டிஸ்க்கின் சி டிரைவ் என்ற பகுதியில், டி டிரைவ் என்ற இன்னொரு பகுதியில் போட்டோக்கள் இருக்கின்றன, அதைத் தொடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். "சி மட்டும்தான் சார் போகும், கவலைப்படாதீங்க."

மாலையில் போனால் 2,300 ரூபாய். ஓஎஸ் 800, டிரைவர் 500, ஆண்டிவைரஸ் 600, ஆபீஸ் 400 என்று ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் கிடையாது, ஜிஎஸ்டி எண் கிடையாது. ஆபீஸ் நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் டி டிரைவே இல்லை. மொத்த டிஸ்க்கையும் ஒரே சி ஆக்கியிருந்தார்கள். திருக்கடையூரில் நடந்த அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பேக்கப் எடுத்துட்டு வர்றது கஸ்டமர் பொறுப்பு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

மச்சான் ஐடியில் இருக்கிறான். அவன் வந்து பார்த்தபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. விண்டோஸ் லைசென்ஸ் விவரம் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் வழியாக' என்று இருந்தது. வீட்டு கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம்? எங்களுடையது காசு கொடுத்து வாங்கிய, வீட்டு உபயோகத்துக்கான ஹோம் எடிஷன். அதன் லைசென்ஸ் மதர்போர்டோடு பதிவாகியிருக்கும். அதே ஹோமைத் திரும்பப் போட்டிருந்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். இவர்கள் ப்ரோ என்ற வேறு எடிஷனைப் போட்டு, திருட்டு ஆக்டிவேட்டரை ஏற்றி, அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க சி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் சொந்த ஆண்டிவைரஸான டிஃபெண்டர் பார்க்காதபடி விலக்கி வைத்திருந்தார்கள். அதில்தான் நான் ஒரு வாரம் பேங்க் வேலை பார்த்தேன். உடனே பாஸ்வேர்டையெல்லாம் மாற்றினேன்.

இதைவிட நெஞ்சை அறுத்தது வேறு. விண்டோஸ் 11 ஏறிய பத்து நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'கோ பேக்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பழைய விண்டோஸ் 10 வந்துவிடும், ஃபைல்களும் அப்படியே இருக்கும். பத்துப் பைசா செலவில்லை. நான் கடைக்குப் போனது நான்காவது நாள். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

அந்தப் பட்டன் வேண்டுமென்றால் சி டிரைவில் இருக்கும் 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். பத்து நாள் தாண்டிவிட்டால் ஃபார்மட்தான், ஆனால் முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு, அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எந்த எடிஷன் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பில் வாங்குங்கள், பில் கையில் இருந்தால் 1915-ஐ அழைத்து நுகர்வோர் புகார் பதிவதும் சுலபம். அப்புறம், விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கூடுதல் அப்டேட்டுக்குத் தனியாகப் பதிய வேண்டும். அதையும் கடையில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

படங்கள் அழிந்துவிட்டது தெரிந்தால் அந்த நிமிடமே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். டிஸ்க்கில் புதிதாக ஏதாவது பதியப் பதிய, அழிந்த பழையது போய்க்கொண்டே இருக்கும். நான் ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். மச்சான் டிஸ்க்கைக் கழற்றி அவன் கம்ப்யூட்டரில் மாட்டி இரண்டு ராத்திரி தேடினான். முக்கால்வாசி கிடைத்தது, பெயர் எல்லாம் போய் வெறும் எண்களாக. கலசத் தண்ணீரில் நனைந்து அப்பா சிரிக்கும் படம் முழுசாக வந்துவிட்டது. அம்மாவுக்குத் தாலி கட்டும் படம் மேல்பாதிதான் வந்திருக்கிறது. அப்பாவின் கைக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். அதை யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேனா என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.