கியோட்டோவில் ஒரே நாள்: கிழக்கா, மேற்கா?

ஒசாகாவில் தங்கிக்கொண்டு கியோட்டோவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஷின்கைசோகு என்ற விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். பெரும்பாலும் பட்டியலும் ஒன்றேதான்: மலையேறும் வழியெங்கும் செந்நிற வாயில்கள் நிற்கும் ஃபுஷிமி இனாரி கோயில், கியோமிசு கோயில், தங்கக் கோயிலான கின்காகுஜி, அராஷியாமா மூங்கில் காடு. ஆனால் கியோமிசு கிழக்கில், இனாரி தென்கிழக்கில், அராஷியாமா மேற்கு ஓரத்தில், கின்காகுஜி வடமேற்கில். நான்கையும் ஒரே நாளில் அடுக்கினால் மிச்சமாவது நகரப் பேருந்தில் நின்ற நினைவுதான். கிழக்கையோ மேற்கையோ ஒன்றைத் தேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம். முதல் முறை போகிறவர்களுக்குக் கிழக்கு. படி ஏற முடியாதவர்களுக்கும் தோட்டங்களை ரசிப்பவர்களுக்கும் மேற்கு.

கிழக்கு வழி

இனாரியில் தொடங்கி கியோமிசுவுக்குப் போவதுதான் பலரும் சொல்லும் வரிசை. அதைத் திருப்பிப் போடுங்கள். கியோமிசு காலை 6 மணிக்கே திறந்து, மாலை 6 மணியளவில் மூடிவிடும். இனாரிக்குக் கதவே கிடையாது. நள்ளிரவிலும் ஏறலாம், கட்டணமும் இல்லை. மூடுகிற இடத்தைக் காலையிலும் மூடாத இடத்தை மாலையிலும் வைத்துக்கொண்டால், நடுவில் எது தாமதமானாலும் நாள் கெடாது.

காலை 7 மணிக்குள் கியோட்டோ நிலையத்தில் இறங்கிவிட்டால் 206ஆம் எண் பேருந்தில் கோஜோசாகா நிறுத்தம் வரை போகலாம். 230 யென், பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் காசு. அந்த நேரத்தில்தான் இது நல்ல பேருந்து. 9 மணிக்கு மேல் நிறுத்தத்தில் நீண்ட வரிசை நிற்கும். கோயிலில் நுழைவு 500 யென். இப்போதுள்ள மண்டபம் 1633இல் மீண்டும் கட்டப்பட்டது. 13 மீட்டர் உயர மரமேடை ஆணி இல்லாமல், தூண்களில் குறுக்குச் சட்டங்களைச் செருகியே நிற்கிறது. மேடையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கீழே ஒத்தோவா நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் அந்தத் தச்சு வேலை தெரியும்.

பிறகு சன்னென்சாகா, நினென்சாகா சரிவுத் தெருக்கள் வழியாக யசாகா கோயில், கியோன் என்ற பழைய பகுதி வரை எல்லாம் இறக்கம். கற்படிகள் மழையில் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். கியோனில் சில சந்துகள் தனியாருக்குச் சொந்தமானவை. 2024 முதல் அங்கே சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கும். அங்கே குடியிருப்பவர்களின் பொறுமைக்கு மதிப்புக் கொடுத்து ஹனாமிகோஜி பெரிய தெருவோடு நின்றுகொள்வதே முறை.

மதியத்துக்கு மேல் கியோன்-ஷிஜோவில் கெய்ஹான் லோக்கல் ரயில் ஏறி ஃபுஷிமி-இனாரியில் இறங்குங்கள். மலை 233 மீட்டர். முழுச் சுற்று இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். யோத்சுத்சுஜி என்ற நாற்சந்தி வரை முக்கால் மணி நேரம். நகரமே கீழே தெரிவது அங்கேதான், அதற்கு மேல் ஏறாவிட்டாலும் நட்டமில்லை. கூட்டம் முழுக்க முதல் இருநூறு மீட்டரில்தான் முட்டும். அதைத் தாண்டினால் மெல்லக் கரையும். ஏறும்போது தோரீ வாயில்கள் வெறும் செந்நிறமாகத்தான் தெரியும். இறங்கும்போது பாருங்கள்: ஒவ்வொரு வாயிலின் தூண்களிலும் பின்புறத்தில் அதைக் காணிக்கையாகத் தந்தவர் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் இருக்கும். அடியில் கறுப்புப் பூச்சு. சில தூண்களில் சாயம் வெளுத்திருக்கும், பக்கத்திலேயே பளிச்சென்று புதியது நிற்கும். இருட்டிய பிறகு விளக்கு உண்டு, ஆனால் மேல்பாதையில் வெளிச்சம் குறைவு.

திரும்ப, கோயில் வாசலுக்கு எதிரிலேயே ஜேஆர் இனாரி நிலையம். கியோட்டோவுக்கு ஐந்து நிமிடம். காலையிலேயே இனாரிக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: நாரா ரயில் பாதையில் மியாகோஜி கைசோகு என்ற விரைவு வண்டிகள் இனாரியில் நிற்காது. அவசரத்தில் ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தமான தோஃபுகுஜியிலேயே இறங்கிவிடுங்கள், அதையும் விட்டால் ரோகுஜிசோ வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

மேற்கு வழி

இதில் இரண்டு கடிகாரங்கள் ஓடும். மூங்கில் பாதைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் 9 மணிக்கு மேல் மூங்கிலைவிடத் தலைகள்தான் தெரியும். அராஷியாமாவில் உள்ள தென்ரியுஜி கோயில் 8.30க்கும் கின்காகுஜி 9க்கும் திறந்து, இரண்டும் மாலை 5க்கு மூடும். காலை 10 மணிக்குத்தான் கியோட்டோ வந்து சேர முடியும் என்றால் மேற்கை விட்டுவிடுங்கள்.

சாகா-அராஷியாமா ரயில் கிளம்பும் 31, 32, 33ஆம் நடைமேடைகள் கியோட்டோ நிலையத்தின் மேற்குக் கோடியில் இருக்கின்றன. ரயில் பிடிக்கும் கணக்கில் பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். பயணம் சுமார் 15 நிமிடம், 240 யென். முதலில் மூங்கில் பாதை, பிறகு தென்ரியுஜி தோட்டம், 500 யென். குளத்துக்குப் பின்னால் இருக்கும் மலையையும் தோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். முன்னால் கொஞ்சம் உட்கார நேரம் கொடுங்கள்.

அங்கிருந்து ராண்டென் டிராம், எங்கே இறங்கினாலும் 250 யென். கதாபிரானோத்சுஜியில் மாறி ரியோவான்ஜியில் இறங்கி, ஏழெட்டு நிமிடம் நடை. நுழைவு 600 யென். இந்தக் கோயிலின் கல் தோட்டத்தில் பதினைந்து கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்று மறைந்துகொள்ளும். அங்கிருந்து கின்காகுஜிக்கு இருபது நிமிட நடை, பேருந்து தேட வேண்டாம். கின்காகுஜி ஒருவழிப் பாதை, உள்ளே ஏற முடியாது, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். 1950இல் தீக்கிரையாகி 1955இல் மீண்டும் எழுந்த கட்டடம். பொன் தகடு மேல் இரண்டு தளங்களுக்குத்தான். திரும்பும்போது கியோட்டோ நிலையத்துக்கு நேர் பேருந்தில் ஏறாதீர்கள், நெரிசலில் ஊர்ந்து போகும். 204 அல்லது 205இல் கிதாஓஜி வரை போய், அங்கே சுரங்க ரயிலுக்கு மாறுங்கள்.

கட்டாயம் இனாரியும் மூங்கிலும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. காலை 7 மணிக்கு இனாரி, பிறகு ஜேஆரிலேயே கியோட்டோவில் மாறி அராஷியாமா. கின்காகுஜியைத் தியாகம் செய்தால்தான் இது நடக்கும். மூங்கிலில் கூட்டத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு மேற்கில் ஒரு வசதி. தென்ரியுஜி வளாகத்திலேயே ஷிகெத்சு என்ற உணவகத்தில் புத்த மடத்துச் சைவச் சாப்பாடு கிடைக்கும், மதியத்துக்கு மட்டும். தோட்டக் கட்டணம் தனி. கிழக்கில் அந்த நிம்மதி இல்லை. இனாரி வாசலில் விற்கும் கித்சுனே உடோன் என்ற நூடுல்ஸில் மேலே மிதப்பது டோஃபுதான், ஆனால் குழம்பு பெரும்பாலும் மீன் சாற்றில் வைத்தது. “நிகு நாஷி” (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டால் இறைச்சியை மட்டுமே விலக்குவார்கள். “கத்சுஓபுஷி” (உலர்மீன் சீவல்), “தாஷி” (அதில் எடுக்கும் சாறு) என்ற சொற்களைச் சொல்லிக் கேளுங்கள்; இருக்கிறது என்றால் உப்புப் போட்ட சோற்றுருண்டையும் பழமும் கடையில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மலையேறுங்கள். வழியில் குப்பைத் தொட்டி அரிது, உறைகளைப் போட ஒரு காலிப் பையும் வேண்டும்.