வேலூரிலிருந்து காலைச் சைக்கிள்: அமிர்தியா, திருவலமா?

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள அமிர்தி ஏறக்குறைய 25 கி.மீ. பாகாயம், அடுக்கம்பாறை வழியாகக் கணியம்பாடி வரை திருவண்ணாமலை சாலை. பேருந்து, லாரி நெரிசலை அதுவரை பொறுத்தாக வேண்டும். அங்கிருந்து கிளைச்சாலையில் திரும்பினால் ஜவ்வாது மலை கண்ணெதிரே. ஏற்றம் மெல்லத்தான் கூடும். அதை நம்பிப் பெரிய கியரிலேயே மிதிப்பவர்களுக்குக் கடைசி சில கிலோமீட்டரில் முட்டி பிடித்துக்கொள்ளும். சின்ன கியருக்கு முன்கூட்டியே மாறி, பெடல் நிமிடத்துக்கு 75, 80 சுற்று சுற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம் சீமைக் கருவேல முள். லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கும்போதுதான் ஏறும். முள்ளைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போய்விடும். டயரின் உட்பக்கத்தைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், முள் துணியில் மாட்டும். ஸ்பேர் டியூப் ஒன்று, டயர் கழற்றும் லிவர் இரண்டு, கைப்பம்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும்.

திருவலம் இதைவிடக் கிட்ட. காட்பாடி தாண்டிப் பெரும்பாலும் சமதளம். கியர் இல்லாத சைக்கிளே போதும். பாலாற்றுப் பாலத்தில் இணைப்பு இடுக்குகளை நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் மெல்லிய டயர் வழுக்கும். பொன்னையாற்றங்கரையில் வில்வநாதேசுவரர் கோயில். அங்கே நந்தி, சிவனுக்கு முதுகு காட்டி இருப்பதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

புதியவர்களுக்குத் திருவலம். ஏப்ரல், மே வெயிலில் யாராக இருந்தாலும் அதுவே. ஐந்தரைக்குக் கிளம்பி எட்டுக்குள் வீடு திரும்பலாம். மழை ஓய்ந்திருக்கும் டிசம்பர் நாட்களில் மட்டும் தயங்காமல் அமிர்தி.